என்ன சொன்னார் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வெளிநாட்டுப் பக்கத்தில் அமெரிக்கச் செய்தி வந்தால் கூடவே 'இனவாதி' என்ற சொல்லும் வந்துவிடுகிறது. அவர் இவரை இனவாதி என்றாராம், இவர் அவரைத் திருப்பிச் சொன்னாராம். எதற்காக என்று தேடுவதற்குள் செய்தி முடிந்துவிடுகிறது. நான் 31 வருடம் நீதிமன்றத்தில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, நின்று மூன்று மொழியையும் மாற்றி மாற்றிச் சொன்னவன். சாட்சிக்காரர் 'அவன் கள்ளன் ஐயா' என்று தொடங்கினால் நீதவான் பேனையை வைத்துவிடுவார். 'நீர் கண்டதைச் சொல்லும்' என்பார். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

பின்னேரங்களில் டச்சுக் குடாக் கடற்கரையில் நாங்கள் நாலு பேர் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். வாதத்தில் வெல்ல இனத்தை இழுத்துப் போடுவதை அமெரிக்கர்கள் 'ரேஸ் கார்ட்' என்கிறார்களே, அதைக் கூட்டாளி ஒருவர் 'இனத் துரும்பு' என்று தமிழாக்கினார். 31 வருட அனுபவத்தில் நான் அதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டேன். கேட்ட இனம் கையில் இல்லாதபோதுதானே துரும்பால் வெட்டுகிறோம். (ட்ரம்ப் என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் துரும்பு என்றே பொருள். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.)

2019 ஜூலை மாதத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 14ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் நான்கு பெண் காங்கிரஸ் உறுப்பினர்களைக் குறிவைத்து, வந்த நாட்டுக்கே திரும்பிப் போகலாமே என்று ட்விட்டரில் எழுதினார். நால்வரில் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். அந்த வசனத்தை மொழிபெயர்க்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை. இந்த ஊரில் கேட்டு வளர்ந்த வசனம்தான். இரண்டு நாள் கழித்துப் பிரதிநிதிகள் சபை 240க்கு 187 வாக்குகளால் அதைக் கண்டித்தது. அதற்கு முன் நடந்ததுதான் கூத்து. அந்தக் கருத்துகள் இனவாதம் என்று சபாநாயகர் நான்சி பெலோசி சபையில் சொன்னார். உடனே எதிர்த்தரப்பு ஒழுங்குப் பிரச்சினை கிளப்பியது. ஜனாதிபதியை அப்படிப் பேச அந்தச் சபையின் பழைய விதி இடந்தராது. தலைமை தாங்கிய இமானுவேல் கிளீவர் அலுத்துப்போய் ஆசனத்தை விட்டே எழுந்து போனார். கடைசியில் பெலோசியின் பேச்சுத்தான் ஒழுங்குக்கு மாறானது என்று தீர்ப்பு. எழுதியவரின் வசனம் ஒரு பக்கம் கிடக்க, அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதிலேயே நேரம் போயிற்று. அந்த மாதம் முடிவதற்குள் அதே ட்ரம்ப், பால்டிமோரின் கறுப்பின உறுப்பினர் எலைஜா கமிங்ஸைப் பார்த்து 'இனவாதி' என்று எழுதினார். துரும்பு எல்லார் கையிலும் இருக்கிறது.

நம்மவர் பெருமைப்படும் கமலா ஹாரிஸும் விதிவிலக்கில்லை. அதற்கு முந்திய மாதம், மயாமியில் நடந்த ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் போட்டிக்கான விவாதத்தில், 'நீங்கள் இனவாதி என்று நான் நம்பவில்லை' என்று ஜோ பைடனிடம் தொடங்கினார். பிறகு, இனக்கலப்புக்காக மாணவர்களைப் பஸ்ஸில் வேறு பள்ளிகளுக்கு அனுப்புவதை 1970களில் பைடன் எதிர்த்ததை எடுத்துப் போட்டார். தானே அந்தப் பஸ்ஸில் போன சிறுமி என்றார். இவ்வளவும் சரி, நீதவான் கேட்பதும் இதைத்தான். ஆனால் சில மணி நேரத்தில் அந்த வசனம் போட்ட டீசேர்ட் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடம் தொலைக்காட்சியில் இதைப் பற்றிக் கேட்டபோது, 'அது விவாதம்' என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்தில் காணி விஷயமாக நின்றேன். படிவம் சிங்களத்தில் மட்டும். எனக்கு வாசிக்க வரும், எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு வராது. தமிழ்ப் படிவம் எங்கே என்று கேட்டேன். மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே 'ஜாதிவாதம் கதைக்க வேண்டாம்' என்றார், சிங்களத்தில். அந்த மொழியில் ஜாதிவாதம் என்றால் இனவாதம். வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, 'ஏன் ஐயா, அவர் சாதி கேக்கிறார்?' என்றார். மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்து அவருடைய படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். தமிழ்ப் படிவம் பற்றி அன்று வேறு யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்களில்லை. நான் இருந்த ஒரு சங்கத்தில் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் வரவுசெலவுக் கணக்குக் கேட்டார். 'துவேஷம் கதைக்காதையும்' என்று இருத்திவிட்டார்கள். கணக்கு இன்றுவரை வரவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே ஐயா, அந்தச் சொல்லைப் போடுவதற்கு முன் சொன்னவரின் வசனத்தைப் போடுங்கள், செய்தவரின் செயலைப் போடுங்கள். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். இந்தக் கடிதம் நீளம் என்றால் டீசேர்ட்டை வெட்டுங்கள். படிவத்தையும் கணக்கையும் விட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற முதலியார்,
உவர்மலை, திருகோணமலை.