நீல ஒயர் போட்டவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துடைத்து அலமாரியில் வைப்பது பற்றி நிறைய இருந்தது. பழுது பார்ப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருஷம் டிவி, ரேடியோ மெக்கானிக்காக இருந்தவனுக்கு அது கண்ணில் படாமல் போகுமா?

போன வருஷம் காயலான் கடையில் பிபிசி மைக்ரோ என்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. 1984-ல் கம்ப்யூட்டர் கற்றுத்தர மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது இந்த வகைதான். நினைவகம் மொத்தமே 32 கேபி.

கொண்டுவந்த உடனே சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. பவர் சப்ளையில் ரிஃபா கம்பெனியின் கெபாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) இருக்கும். தேன் நிற மேலோடு நாளாக ஆக மயிரிழையாக விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தைக் குடித்திருக்கும். கரன்ட் பாய்ந்தால் கொஞ்ச நேரத்தில் 'டப்', வீடெல்லாம் நாற்றப் புகை. அவற்றை முதலிலேயே மாற்றிவிட்டேன். அது சுலபம்.

திணறியது வேறு இடத்தில். போர்டின் அடியில் இரண்டு சிப்புகளின் கால்களை இணைத்து ஒரு நீல ஒயர். கம்பெனியே செய்த திருத்தமா, பிற்பாடு யாரோ போட்டதா? எடுப்பதா, விடுவதா? சர்க்யூட் படத்தோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில் பார்த்தால், போர்டில் அறுந்துபோன ட்ராக்குக்கு, அதாவது செம்புத் தடத்துக்கு, பதிலாகப் போட்டது. நல்ல கை, ஈயம் முத்து முத்தாக இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி உள்ளே போட்டிருக்கலாம். சரி, நான் மட்டும் என்ன எழுதி வைத்தேன்? எத்தனை டிவிக்குள் என் ஒயர் இருக்கிறதோ!

இப்போது சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்னால் செல்போனில் போட்டோ எடுக்கிறேன். கழற்றிய பாகத்தைத் தேதியோடு கவரில் போட்டுவைக்கிறேன். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று மூடிக்கு உள்பக்கம் சீட்டு ஒட்டுகிறேன். புரோகிராமைப் பதிந்து வைத்திருக்கும் ஈப்ராம் சிப் இருந்தால் முதல் வேலையாக நகல். அதில் தங்கியிருக்கும் மின்னூட்டம் வருஷக்கணக்கில் மெல்லக் கசியும், அப்புறம் உள்ளே இருந்த புரோகிராமும் போச்சு.

எண்பதுகளில் பள்ளிகளுக்குப் போய் இந்த மெஷின்களைச் சரிசெய்தவர்களிடம் பழைய நோட்டுகள் இருக்கலாம். அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி வெளியிடுங்களேன். நீல ஒயர்க்காரரே படித்துவிட்டு எழுதினாலும் எழுதுவார்.

இப்படிக்கு,
ஒரு பழைய மெக்கானிக்,
மதுரை