பேச்சு வராத பிள்ளைக்கும் எழுத்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி சக்கர நாற்காலி வழங்கும் படங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வந்திருந்தன. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மகளும் அப்படிக் கிடைத்த நாற்காலியில்தான் பள்ளிக்குப் போய்வருகிறாள். ஆனால் நாற்காலி வகுப்பறை வாசல் வரைக்கும்தான் கொண்டுவிடும். உள்ளே போனபிறகு பெயர் வாசித்தால் "உள்ளேன் டீச்சர்" என்று எப்படிச் சொல்வாள்? அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு மூளை முடக்குவாதம். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் விளங்கும், பாட்டி பார்க்கும் சீரியல்களின் கதை முழுக்க அவளுக்கு அத்துப்படி. பேச்சு மட்டும் வராது. வலது கை ஆள்காட்டி விரல் கொஞ்சம் நிதானமாக நீளும். படமும் எழுத்தும் அச்சடித்த அட்டையில் அந்த விரலால் தொட்டுக் காட்டுவாள், எங்கள் வீட்டில் அவளுடைய பேச்சு முழுக்க அதில்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பல் தேய்க்க, சட்டை பொத்தான் போட, நிறம் பிரிக்க, பாசி கோர்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேவைதான். எழுத்து என்று வந்தால் மட்டும் "முதலில் பேச்சு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். வாசிக்க வாய் எதற்கு? இந்தப் பத்திரிகையை நாம் எல்லோரும் காலையில் வாய் திறக்காமல்தானே வாசிக்கிறோம்.

வீட்டுப் பக்கம் வேறொரு பயம். "அட்டையைக் காட்டிப் பழக்கினா பிள்ளைக்கு உள்ள பேச்சும் வராமப் போயிரும் மக்களே" என்று என் அம்மாவே சொன்னார். பதில் என் கடைக்கே வந்துசேர்ந்தது. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் நகலெடுக்க ஒரு கட்டுரை கொண்டுவந்தார். (நகலெடுக்க வரும் தாளை வாசிப்பது தொழில் தர்மம் இல்லை. கேட்டுத்தான் எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.) 2006-ல் அமெரிக்க ஆய்விதழில் வந்தது. அட்டை, சைகை போன்ற வழிகளைப் பழகியவர்களில், சான்று உறுதியாக இருந்த 27 பேரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பத்தில் ஒன்பது பங்கு பேருக்குப் பேச்சு கூடியிருக்கிறது, பெரும்பாலும் சிறிய அளவில். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சமாதானமானார்.

இனி அட்டைக்கு வருகிறேன். கடையில் வாங்கும் படச் சார்ட்டில் சிங்கம், விமானம், ஆப்பிள் எல்லாம் இருக்கும். சிங்கத்தைப் பற்றி அவசரமாகப் பேச வேண்டிய தேவை என் மகளுக்கு இதுவரை வந்ததில்லை. "போதும்", "வேண்டாம்", "இன்னும்", "நில்லு", "வலிக்குது", "எனக்கு ஒண்ணு சொல்லணும்" இவைதான் நாள் முழுக்க வேண்டும். இந்தச் சொற்களை நடுவில் பெரிதாக வைத்து, ஓரத்தில் ஏத்தன்பழம், மரச்சீனி, சாளை, மினிபஸ் என்று எங்கள் ஊர் சாமான்களைப் போட்டு முதல் அட்டை அடித்தேன்.

ஆனால் படத்தோடு நிறுத்தக் கூடாது. படம் எல்லாம் நாம் தேர்ந்து வைத்தது. அவள் மனதில் உள்ளது அதில் இல்லாவிட்டால் என்ன செய்வாள்? எழுத்துதான் வழி. அங்கேதான் தமிழ் முதலில் மிரட்டியது. 247 எழுத்தையும் ஒரே தாளில் அடித்தால் கட்டம் கடுகளவு ஆகிவிடும். நடுங்கும் விரல் குறிவைத்த இடத்தில் போய் நிற்காது. தீர்வு நாம் ஒன்றாம் வகுப்பில் படித்ததிலேயே இருந்தது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. உயிர்மெய்யைத் தனியாக அடிக்கவே வேண்டாம், மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் போதும். பஸ், ஸ்கூல், ஜெபம், ஹோம்வொர்க் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு நாள் ஓடாது என்பதால் ஜ், ஸ், ஷ், ஹ் நான்கையும் சேர்த்தேன். மொத்தம் 35. ஏ3 தாளில் ஏழுக்கு ஐந்தாக அழகாக உட்கார்ந்தது. கட்டம் ஒவ்வொன்றும் 5 செ.மீ., ஓரத்தில் "தப்பு", "முடிஞ்சுது" இரண்டும். ம், ஈ, ன் தொட்டால் மீன். "வேண்டாம்" என்பதற்கு ஆறு தொடுகை.

ஒரு நாள் காலையில் அவள் அம்மா "தோசையா, இடியாப்பமா?" என்று கேட்டாள். விரல் மெதுவாக ப் மேல் போய் நின்றது. பிறகு உ. பிறகு ட், மறுபடியும் ட். புட்டு! கேள்வியிலேயே இல்லாத பதில். அன்றைக்கு வீட்டில் புட்டுதான்.

தொழில்காரன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் அதில் விழுந்தால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாதி எழுத்து தெரியாது. மேட் ஃபிலிம் கேட்டு வாங்குங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், தாளைச் சுற்றி அரை அங்குலம் ஃபிலிம் விட்டு ஒட்டாவிட்டால் ஈரம் ஏறி எழுத்து ஊறிவிடும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கையைக் கிழிக்கும்.

அதைவிட முக்கியம், பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்தின் மேல் கொண்டுபோகாதீர்கள். அப்படி வருவது பிள்ளையின் பேச்சு ஆகாது, பிடித்தவரின் பேச்சாகிவிடும். பேச்சு, மொழி, செவித்திறன் வல்லுநர்களின் அமெரிக்கச் சங்கம் 2018-லேயே இந்த முறை வேண்டாம் என்று அறிவித்திருக்கிறது. அட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டு எழுத்து வந்ததும் நாமே சொல்லை முடித்துவிடத் துடிப்போம், அதையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் நடப்பதுதான் மனதை உறுத்துகிறது. சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் அட்டை வெளியே வரும், மற்ற நாட்களில் பீரோவுக்குள் இருக்கும். ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடவேண்டியிருக்கிறது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பாசிரியர் பழகினால்தான் காரியம் நடக்கும். பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் எந்தக் குழந்தையும் பேசக் கற்கிறது. டீச்சரும் பேசும்போது "போதும்", "எங்கே", "வா" என்று அட்டையில் விரல் வைத்துக் காட்டிப் பேசினால்தான் பிள்ளைக்கும் அட்டையில் பேச வரும். யாரும் பேசிக் காட்டாத மொழியில் அவளை மட்டும் பேசச் சொன்னால் எப்படி? "உள்ளேன் டீச்சர்" பிரச்சினையை அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணே தீர்த்துவைத்தாள். தன் குரலில் பழைய போன் ஒன்றில் பதிந்து கொடுத்தாள், என் மகள் அழுத்துகிறாள், வேலை முடிந்தது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும், டேப்லெட் வாங்க முடிந்தவர்கள் பார்க்கலாம். ஆனால் அட்டைக்கு சார்ஜும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் உள்ள பிள்ளைக்கும் எடுபடும்.

இது யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டிய காரியமும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பேச்சுக்குத் துணையான மாற்றுத் தொடர்பு முறைகளை வளர்ப்பதும், 18 வயது வரை கற்றல் பொருட்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தருவதும் அரசின் பொறுப்பு என்கிறது. நம் மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள். ஒவ்வொரு வட்டார வள மையமும் எழுத்து அட்டை அடித்து, பேச்சு வராத பிள்ளை படிக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுக்கட்டும். ஆசிரியர் பயிற்சியில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கட்டும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் தருகிறார்கள். எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? இதற்கு என்ன ஏற்பாடு என்பதைக் கல்வித்துறை இப்போதே தெளிவுபடுத்தினால், என் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது ஹால்டிக்கெட்டோடு அலுவலகம் அலுவலகமாக நான் அலைய வேண்டியிருக்காது.

அட்டைக் கோப்பு என்னிடம் தயாராக இருக்கிறது. பெற்றோரோ பள்ளியோ பென் டிரைவ் கொண்டுவந்தால் காசில்லாமல் தருகிறேன். எந்தக் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். "மேட்" என்று மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எங்கள் ஆட்கள் பளபளப்பில்தான் போட்டுத் தருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
மார்த்தாண்டம்
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்கு மட்டும்)