ஒரே வீட்டில் இரண்டு பெருநாள்

கீழக்கரை,
10.06.2025

அன்புள்ள சரோஜா,

முட்டிவலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தீர்ந்திருந்தால் சொல், உன் தம்பி திருச்சி வரும்போது கொடுத்து விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததுமே பக்ரீத் பெருநாள் வாழ்த்து அனுப்பினாய். நான் பதில் போடவில்லை. சனிக்கிழமை மறுபடியும் ஒன்று அனுப்பி, "எதுடி சரி?" என்று கேட்டிருந்தாய். இரண்டும் சரிதான். இந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு நாளும் பெருநாள். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் இந்த வீட்டில் ரகசியம் பேச இடம் ஏது? முற்றத்தில் நின்றால் உன் அண்ணன் காதில் விழும் (என் வீட்டுக்காரரை நீ வாய்நிறைய அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்டுத்தான் அந்த மனிதருக்கு இத்தனை மிதப்பு). மாடிக்குப் போனால் மகள் நிஸாவின் மாப்பிள்ளை காதில் விழும். உட்கார்ந்து எழுதினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பால் கணக்கு எழுதுகிறாள் என்று நினைப்பு.

மற்ற சேதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஜொகராத்தாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது தெருமுனையில் வருகிறவள் என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்பது வரை சொல்லிவிடுகிறார், நமக்குத்தான் ஆபத்து. கொழும்பு மாமா வீடு விலையாகிவிட்டது. வாங்கியது யார் தெரியுமா? நாம் பட்டப்பேர் வைத்த பச்சைக் குடை! நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலையில் பெருக்கினால் மதியத்துக்குள் திண்ணை முழுக்க மறுபடி மணல். மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதிதான் முடிகிறது. அதுவரை நாட்டுப்படகில் வருகிற மீன்தான். விலையை எழுதமாட்டேன், உனக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை நோன்புப் பெருநாளை துபாயில் முடித்துவிட்டு, ஏப்ரலில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். ராமநாதபுரத்தில் கடை போட்டிருக்கிறார். கல்யாணத்தன்று அவரைப் பார்த்துவிட்டு, "தங்கமான பையன், வாயே இல்லை" என்றாய் நீ. வாய் இருக்கிறது. பிறை விஷயத்தில் மட்டும் இருக்கிறது. அங்கே இருந்தவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் ஒரே நாள். இங்கே வந்ததும் கதை மாறிவிட்டது.

சவூதியில் மே 27 மாலையே பிறை தெரிந்துவிட்டது. அவர்களுக்கு வியாழக்கிழமை அரஃபா (ஹாஜிகள் அரஃபா மைதானத்தில் நிற்கிற நாள்), வெள்ளிக்கிழமை பெருநாள். நமக்கு 28 மாலைதான் பிறை. வெள்ளி அரஃபா நோன்பு, சனிக்கிழமை பெருநாள். மாப்பிள்ளை சவூதிப் பிறை, உன் அண்ணன் நம் ஊர்ப் பிறை. ஒரு நாள் வித்தியாசம்தானே என்பாய். அரஃபா நாளான ஒன்பதாம் பிறையில் நோன்பு பிடித்தால் பெரிய நன்மை. பத்தாம் பிறை பெருநாள், அன்று நோன்பு பிடிப்பது ஹராம். ஆக வெள்ளிக்கிழமை, மாடியில் இருப்பவர் நோன்பு பிடிக்கக் கூடாது, கீழே இருப்பவருக்கு அதை விட மனசு வராது. அடுப்பு ஒன்றுதான், அதுவும் கீழே இருக்கிறது.

ராத்திரி இஷாத் தொழுகை முடிந்து வந்தால் திண்ணையில் மாமாவும் மருமகனும் தொடங்கிவிடுவார்கள். "ஹாஜிகள் அரஃபாவில நிக்கிற நாளுக்குப் பேருதான் மாமா அரஃபா. அவங்க நின்னு முடிச்சு, முஸ்தலிஃபாவுக்கும் போன பிறகு நாம நோன்பு பிடிச்சா அது எப்படி அரஃபா நோன்பு?" என்பார் மாப்பிள்ளை. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. உடனே உன் அண்ணன், நபித்தோழர்கள் காலத்து குரைபை ஷாம் தேசத்திலிருந்து (இப்போதைய சிரியா பக்கம்) அழைத்து வந்துவிடுவார். குரைப் ஷாமில் வெள்ளிக்கிழமை இரவு பிறை பார்த்துவிட்டு மதீனாவுக்கு வந்து சொல்கிறார். நபித்தோழர் இப்னு அப்பாஸ், "நாங்கள் சனிக்கிழமை இரவுதானே பார்த்தோம், எங்கள் கணக்கில்தான் முடிப்போம்" என்கிறார். முஸ்லிம் என்கிற ஹதீஸ் (நபிமொழி) கிதாபிலேயே இருக்கிறது. "சஹரும் நோன்பு திறப்பும் நம்ம ஊர் சூரியனுக்கு, பிறை மட்டும் அடுத்த ஊர்ப் பிறையா?" என்று ஒரு போடு போடுவார். அதுவும் நியாயம்தான். மக்காவில் சூரியன் அடைய நமக்கு அடைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிறைக்கும் வயது கூடும், ஆகவே நமக்குத் தெரியாதது அங்கே தெரிகிறது. இரண்டு பேரும் ஹதீஸ் சொல்கிறார்கள், இரண்டு பேரும் வானத்தைக் காட்டுகிறார்கள். நான் டீ டம்ளரை எடுக்கப் போகும் சாக்கில் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அந்தக் காலத்தில் இந்தச் சண்டையெல்லாம் கிடையாது என்று ஜொகராத்தா சொல்கிறார். பொய். நமக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, கொழும்பு மாமா டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்து இலங்கை வானொலியில் பிறைச் செய்தி கேட்பார், ஞாபகம் இருக்கிறதா? கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் அறிவித்தாகிவிட்டது, நம் பள்ளியில் இன்னும் நகரா முரசு அடிக்கவில்லை. கடலைத் தாண்டினால் அந்தா இருக்கிறது கொழும்பு, அவர்கள் பார்த்தது நமக்கு ஆகாதா என்று மாமா தெருவில் நின்று கத்துவார். நாம் இரண்டு பேரும் மருதாணியை வைப்பதா வேண்டாமா என்று அம்மியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ பொறுக்கமாட்டாமல் வைத்துக்கொண்டாய். உனக்கென்ன, உனக்கு எந்த நாளில் வைத்தாலும் சிவக்கும். ஆனால் ஒன்று, அன்றைக்குக் கத்திய மாமா, நகரா அடித்த பிறகுதான் தன் வீட்டில் ஆட்டுக்கல்லைச் சுற்றவிட்டார். அது மட்டும் உண்மை.

இப்போது ஆட்டுக்கு வருகிறேன், இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். பின்கட்டில் இரண்டு ஆடு கட்டியிருந்தது. ஒன்று உன் அண்ணன் குர்பானி கொடுக்க, ஒன்று மாப்பிள்ளை கொடுக்க. மாப்பிள்ளை தன் ஆட்டை வெள்ளிக்கிழமையே அறுக்க வேண்டும் என்கிறார். உன் அண்ணனோ, "என் தலைவாசல்ல பெருநாளைக்கு முதல்நாள் ரத்தம் விழக்கூடாது" என்கிறார். என்னது, "என் தலைவாசல்"? வீடு என் உம்மா எனக்குக் கொடுத்தது, நான் நிஸாவுக்குக் கொடுக்கப்போவது. நாற்பது வருஷமாக அவரும் இங்கே மாப்பிள்ளைதான். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை ராத்திரி நானே மாடிக்குப் போனேன். "மாப்பிள்ளை, உங்க தொழுகையை உங்க நாள்ல தொழுதுக்கங்க. நான் ஒண்ணும் சொல்லல. குர்பானிக்குத்தான் பதின்மூணாம் பிறை அஸ்தமனம் வரைக்கும் நேரம் இருக்கே? சனிக்கிழமை உங்களுக்கு ரெண்டாம் நாள், மாமாவுக்கு முதல் நாள். தொழுகை முடிஞ்ச பிறகு ரெண்டையும் ஒண்ணா அறுத்தா ரெண்டு பேர் கணக்குலயும் கூடுதா இல்லையா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "முதல் நாள்தான் மாமி சிறப்பு" என்றார். "அறுக்கிறவரு சனிக்கிழமைக்குத்தான் வாக்குக் கொடுத்திருக்காரு" என்றேன். அது உண்மைதான், ஆனால் கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையும் வந்திருப்பார். சரி என்றுவிட்டார். குர்பானி கொடுக்கிறவர் தலைப்பிறையிலிருந்து ஆட்டை அறுக்கும்வரை முடியோ நகமோ வெட்டுவதில்லை, அதனால் பாவம் அவருக்கு ஒரு நாள் கூடுதல் தாடி. மதரஸாவில் நாலு எழுத்துப் படித்தவள்தான் நான். ஆலிம்சா யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியதென்று இரண்டு நாள் நடையே மாறிவிட்டது, போ.

வெள்ளிக்கிழமையைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் பெருநாள், அதற்குப் பழைய சோறா போட முடியும்? காலைக்கு இடியாப்பம், வட்டலப்பம். மதியத்துக்கு நெய்ச்சோறு, கறி ஆணம். சமைக்கிற நான் நோன்பு. உப்பு பார்க்க ஆளில்லை. நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அந்தக் கறி வாசத்தில் துப்புவேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. பேத்தி ஹஃப்ஸாவைக் கூப்பிட்டேன். அவள் ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நிஸா நோன்பா பெருநாளா என்று கேட்டால், "எனக்கு அடுப்புதான்மா" என்றாள். புருஷனுக்காகப் புதுத்துணி உடுத்திக்கொண்டு எனக்காக மாவு பிசைந்தாள். உன் அண்ணன் ஜும்ஆ முடிந்து வந்து, நெய்ச்சோறு வாசத்தில் தஸ்பீஹ் மணியை வேகவேகமாக உருட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை நன்றாகவே போனது. மாப்பிள்ளையே உன் அண்ணனைப் பைக்கில் வைத்துப் பள்ளியில் விட்டு, தொழுகை முடியும்வரை வெளியே நின்று அழைத்து வந்தார். இரண்டு ஆட்டையும் அறுத்து, மூன்று பங்கு வைத்து, தெருவில் யார் யாருக்கென்று பொட்டலம் கட்டி முடிக்க சாயங்கால அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. தோலை மதரஸாவுக்குக் கொடுத்தோம், இப்போது அதற்கு விலையும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. உன் தம்பி வீட்டுக்குச் சாப்பாடு போனது. அவர்கள் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்கள், அதனால் உன் அண்ணன் கட்சிக்கு அங்கே ஒரு ஓட்டு. ஹஃப்ஸா இரண்டு நாளும் பெருநாள் காசு வாங்கிவிட்டாள். அவளுக்கு இந்தப் பிறைச் சண்டை தீரவே கூடாது.

ராத்திரி கடைசிப் பொட்டலம் கட்டும்போதுதான் நிஸா மெதுவாகச் சொன்னாள். மாப்பிள்ளை ராமநாதபுரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கிறாராம். கடைக்குப் பக்கம் என்று ஒரு காரணம். "நோன்புப் பெருநாளைக்கு என்னம்மா செய்வோம்?" என்று கேட்டாள். எனக்கு விடை வரவில்லை, சரோஜா. குர்பானிக்கு இரண்டாம் நாள் இருந்தது, அதை வைத்து ஒட்டுப்போட்டேன். நோன்புப் பெருநாளுக்கு ஒரே நாள்தான். வருகிற மார்ச்சில் மாடியில் பெருநாளாக இருக்கும்போது கீழே ஃபர்ளான நோன்பு, கண்டிப்பாகப் பிடித்தாக வேண்டியது. அந்த வட்டலப்பத்தை நான் எந்த மனசோடு கிண்டுவேன்? உன் அண்ணன் எந்தக் கண்ணோடு பார்ப்பார்?

எங்கள் ஊரில் பெண்பிள்ளை உம்மா வீட்டை விட்டுப் போனதில்லை. நீயெல்லாம் கல்யாணமாகிப் பெட்டியோடு ரயிலேறியபோது, உன்னை நினைத்து அழுதேனே தவிர எனக்கு அப்படி வரும் என்று நினைத்ததில்லை. ஹஃப்ஸா இல்லாத முற்றத்தை யோசித்துப் பார்க்கிறேன். பிறை எப்போது தெரிந்தால் எனக்கென்ன என்றுகூட ஒரு நேரம் தோன்றிவிடுகிறது. அல்லாஹ் மன்னிக்கட்டும். அவர்கள் இரண்டு பேருமே மார்க்கத்தைப் பயந்து செய்கிறவர்கள், வம்புக்குச் செய்கிறவர்கள் இல்லை. அதனால்தான் யாரிடமும் கோபப்படக்கூட முடியவில்லை.

நீ ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாய். ஒரு வீட்டில் கோகுலாஷ்டமி முடிந்த பிறகு இன்னொரு வீட்டில் அதே கண்ணன் பிறப்புக்கு ஸ்ரீஜயந்தி வரும் என்று நீதானே சொன்னாய்? அந்த வீடுகளுக்குள் பெண் கொடுத்து எடுத்தால் என்ன செய்கிறார்கள் என்று உன் ஐயங்கார் மாமியிடம் கேட்டு எழுது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது உனக்கு. ஆடி பிறப்பதற்குள் ஒரு தடவை வா. உன் அண்ணனை உட்கார வைத்துப் பேசு. அவர் பிறையை மாற்றிக்கொள்ள வேண்டாம், அவர் வாப்பா காலத்துப் பழக்கம் அது. பேத்தி முன்னால் திண்ணையில் வைத்து மருமகனை மடக்கி மடக்கிப் பேசுவதை மட்டும் நிறுத்தட்டும். போன வாரம் "உங்களுக்கு துபாய்தானே கிப்லா" என்று, தொழும் திசையையே இழுத்து ஒரு வார்த்தை விட்டுவிட்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனார். வீடு பார்க்கத் தொடங்கியது அதற்கு மறுநாள்தான் என்று நிஸா சொல்கிறாள். இதை நான் சொன்னால் மகளுக்குப் பரிந்து பேசுகிறேன் என்பார். நீ சொன்னால் கேட்பார், தங்கச்சி ஆயிற்றே.

உன் தம்பியிடம் தொதல் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை சாயல்குடிக் கருப்பட்டி, தேங்காய்ப்பாலும் தாராளம், எண்ணெய் பிரிகிற வரைக்கும் நிஸாவும் நானும் மாற்றி மாற்றிக் கிண்டினோம். பிரிட்ஜில் வைத்துக் கல்லாக்கிவிடாதே, வெளியே வைத்தாலே தாங்கும். உன் மருமகளிடம் கொஞ்சம் கண்ணில் காட்டு. அந்த எவர்சில்வர் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவா, போன தடவை அனுப்பியதும் உன்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
கதீஜா