காருக்கு அடியில் தனியாகப் படுக்காதே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல்.

படம் கிடைத்தது. எத்தனையோ வாரங்களாக ஒரு வரி இல்லை. திடீரென்று காரின் அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பி, பின்பக்க ஸ்வே பாரை, வளைவில் கார் சாயாமல் தடுக்கும் அந்தக் கம்பியை, வீட்டிலேயே மாற்றப் போகிறேன், அப்பாவிடம் சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாய். சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "புஷ் போய்விட்டது என்று யாரும் சொல்லாமல் அவனே கண்டுபிடித்திருக்கிறான்" என்றார். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவர் வாயாலேயே நீ கேட்டிருக்கலாம், அவருக்கே போன் செய்திருந்தால். ஏன் செய்யவில்லை என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு நானும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிராக்கெட்டுக்குள் கம்பியைப் பிடித்திருக்கும் அந்தப் புஷ் ரப்பர் ஒரு பக்கம் பிளந்து, கம்பிக்கும் அதற்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி விழுந்திருக்கிறது. கம்பியின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க்கின் பந்து மூட்டுக்கு மேல் இருக்கும் உறை கிழிந்து, கிரீஸ் மண்ணோடு சேர்ந்து கறுத்துப் போயிருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளிச்சம் தரையிலிருந்து மேலே போகிறது, நிழல்கள் எல்லாம் காரின் தளத்தில் விழுந்திருக்கின்றன. டார்ச் விளக்கைத் தரையில் வைத்துவிட்டுத்தான் இந்தப் படத்தை எடுத்திருக்கிறாய். அப்பா காருக்கு அடியில் போன நாளெல்லாம் விளக்கைப் பிடித்து நின்றவள் நான், எனக்குத் தெரியாதா? பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் விளக்கு தரையில் கிடக்காது.

அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். தனியாக அடியில் போகாதே. பழைய வெள்ளைக் கார் விஷயம் உனக்கே தெரியும், அதை மறுபடி எழுத எனக்கு மனமில்லை. ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் வேண்டும். செங்கல்லையோ சிமென்ட் கல்லையோ அண்டக் கொடுக்காதே, அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இடம் சமமான, கெட்டியான தரையாக இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறேன் என்று தைரியமாக இருந்துவிடாதே. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், நீ தூக்கப் போவதும் அவற்றைத்தான். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வை. வீல் நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே லேசாகத் தளர்த்திக்கொள். ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகு காரைக் கையால் பலமாக அசைத்துப் பார், அசையாவிட்டால் மட்டும் உள்ளே போ. கழற்றிய சக்கரங்களைக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளி வை. எல்லாம் தவறினாலும் அவை உன் நெஞ்சுக்கு மேல் கொஞ்சம் இடம் வைக்கும்.

இத்தனையும் செய்தாலும் கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

சத்தம் வருகிறது என்பதற்காகத்தான் மாற்றுகிறாய் என்றால், கம்பியை மாற்றவே வேண்டியதில்லை என்பது அப்பாவின் கருத்து. மேடு பள்ளத்தில் 'டக் டக்' என்று கேட்பது லிங்க்குகளும் புஷ்களும் தேய்ந்ததால் வருவது. துரு அரிக்காத வரை கம்பிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீ 20 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 22 மில்லிமீட்டர் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்கு நெருடுகிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதே. முறுக்கை எதிர்க்கும் வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்று உனக்கு நடத்தியவளே நான்தான். 22-ஐ 20-ஆல் வகுத்தால் 1.1. நான்கு 1.1-களை ஒன்றோடொன்று பெருக்கினால் 1.4641. விட்டம் பத்து சதவீதம்தான் கூடியது, விறைப்போ ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிட்டது.

அந்தக் கம்பி செய்யும் வேலையை ஒருமுறை நினைத்துப் பார். இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு எதிர்க்கிறது. வளைவில் உடல் சாயாமல் காப்பது அதுதான். ஆனால் சாய்வைத் தடுக்கும் பாரம் எங்காவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? வளைவின் வெளிப்புறப் பின் டயரில் போய்ச் சேருகிறது. உள்புற டயர் லேசாகிவிடுகிறது. மொத்தத்தில் பின்பக்கத்துப் பிடி குறைகிறது. உலர்ந்த சாலையில் கார் சொன்னபடி திரும்புவதாகத் தோன்றும், அது உண்மையும்கூட. மழைச் சாலையில் வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னே சாய்ந்து பின்பக்கம் வெளியே வீசும். வேகமாக வந்துவிட்டோம் என்று தெரிந்தால் எல்லோரும் செய்வது காலை எடுப்பதைத்தான். அப்படி எடுத்தாலும் கார் பெரிதாகத் தடுமாறக் கூடாது என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனிக்காரர்கள் பின்பக்கக் கம்பியை மெலிதாக வைக்கிறார்கள்.

நீ இரவில் காரை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போய் வருகிறாய் என்று தங்கை சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். காற்று வாங்கப் போவது தவறில்லை. ஆனால் தூக்கம் வராத இரவில் வளைவான சாலையில் போகிறவனுக்கு விறைப்பான பின்பக்கம் எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. தூக்கம் ஏன் வரவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. போட்டே தீருவேன் என்றால், கம்பியின் நுனியில் இருக்கும் துளைகளில், கம்பி வளையும் இடத்திலிருந்து தள்ளி, கடைசியில் இருப்பதில் லிங்க்கை மாட்டு. நெம்புகோல் நீளமாக இருந்தால் விறைப்பு குறையும். இரண்டு பக்கமும் ஒரே துளை. நல்ல டயர் ஜோடியைப் பின்னால் போடு. முதல் மழையில் மெதுவாகப் போ.

வேலையைப் பற்றி அப்பா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். முந்தைய நாளே லிங்க் நட்டுகளின் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வை. நட்டைத் திருப்பும்போது போல்ட்டும் சேர்ந்து சுழன்றால் பலத்தைக் காட்டாதே. பல கார்களில் போல்ட்டின் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். அப்போது விளக்கைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா?

பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே உயரத்தில் தொங்கட்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் கம்பி முறுக்கிய நிலையிலேயே இருக்கும், லிங்க்கைக் கழற்றும் கணத்தில் துள்ளி முகத்தில் அடிக்கும். புதிய கம்பியோடு பாலியூரிதேன் புஷ் வந்திருந்தால் சிலிகான் கிரீஸ் தாராளமாகப் பூசு, இல்லையென்றால் கிறீச்சிடும். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் படவே கூடாது, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மாட்டி, கம்பி இடமும் வலமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடுக்கு. ரப்பர் புஷ் என்றால் கடைசி முடுக்கு சக்கரங்கள் காரின் பாரத்தைத் தாங்கியிருக்கும்போதுதான். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், சைலன்சர் குழாய் எதிலும் கம்பி உரசக் கூடாது. நைலான் வளையம் வைத்த பழைய நட்டைத் திரும்பப் போடாதே. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளையும் இவற்றையும் இன்னொரு முறை சரிபார்.

அந்த நாளில் நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்ற எண்ணை நான் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, அப்பா முடுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சில் அதை வைத்து, சொடுக்கும் சத்தம் கேட்டதும் கையை எடுப்பார். நீ படியில் உட்கார்ந்து நட்டுகளை வரிசையாக அடுக்குவாய். இப்போது உனக்கு எண்ணை யார் வாசிப்பார்கள்?

மருமகள் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தால் திரும்பி வரும் வரை வேலையைத் தள்ளிப்போடு. கார் எங்கும் ஓடிவிடாது. வேறு ஏதாவது என்றால், அதை எனக்கு எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு நண்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள். அவளிடம் பேசினால் நான் கேட்டதாகச் சொல். என்னோடு பேச அவளுக்கு எப்போது தோன்றினாலும் போன் செய்யலாம், என்ன நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா தன் டார்க் ரெஞ்சைத் துடைத்து, அளவை மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி, துணியில் சுற்றி மேஜை மேல் வைத்திருக்கிறார். பார்சலில் அனுப்பலாமே என்றேன். எங்கேயாவது போட்டுவிடுவார்கள், கணக்குத் தப்பிவிடும், கையில்தான் கொண்டு போக வேண்டும் என்கிறார். எந்த வாரம் வந்தால் உனக்கு வசதி என்று எழுது, டிக்கெட் எடுக்க வேண்டும். அதுவரை காரைத் தூக்காதே.

அன்புடன்,
அம்மா