உன் காமரோவின் பின் சஸ்பென்ஷன் குறித்து

மிச்சிகன்,
அக்டோபர் 12.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், வண்டியின் அடிப்பகுதியைப் படுத்துக்கொண்டு நீ எடுத்த ஏழு படங்களும் சென்ற வாரம் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைப்பிடியின் துணையோடு சமையலறை வரை நடந்து வருகிறார் என்று படித்தபோது மனம் லேசாயிற்று. இங்கே மூத்தவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அவளுடைய கார் நின்ற இடத்தில் இப்போது என் பெட்டிகளும் ஜாக்கிகளும் பரவிக் கிடக்கின்றன. இல்லத்தரசி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் பழைய செவர்லே காமரோ காரின் பின் சஸ்பென்ஷனுக்கு (சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்புக்கு) எந்தக் கிட்டை, அதாவது எந்தப் பாகத் தொகுப்பை, வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்று கிட்களின் பெயரையும் விலையையும் எழுதியிருக்கிறாயே தவிர, உன் வண்டியில் இப்போது என்ன பின் ஆக்சில் (இரு பின் சக்கரங்களையும் சுழற்றும் அச்சு) இருக்கிறது என்பதை எழுதவில்லை. நான்காவது படத்தை விளக்கருகே வைத்து, ஆக்சிலின் நடுவில் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் பின்மூடியில் உள்ள போல்ட்டுகளை எண்ணிப் பார்த்தேன், பத்து இருக்கின்றன. 327 கன அங்குல இன்ஜினோடு 1968இல் வெளிவந்த வண்டிக்கு அது பொருத்தமானதுதான். ஆனால் அந்த இன்ஜினின் எளிய வடிவத்துக்கு செவர்லே நிறுவனம் குறித்த திறன் 210 குதிரைத்திறன். உனக்கு முன் வைத்திருந்தவர் அதை இறக்கிவிட்டு வைத்திருக்கும் எல்எஸ் 3 என்ற புதிய காலத்து இன்ஜின், பெட்டியிலிருந்து எடுத்தபடியே 430 குதிரைத்திறன் தருவது. 8.2 அங்குலப் பற்சக்கரம் கொண்ட அந்தப் பத்து போல்ட் ஆக்சில் இதை நெடுநாள் தாங்காது. இன்றோ நாளையோ பன்னிரண்டு போல்ட் ஆக்சிலுக்கோ, ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சிலுக்கோ நீ மாறத்தான் போகிறாய். நீ விரும்பும் ஃபோர் லிங்க் (நான்கு கைகளால் ஆக்சிலைப் பிடிக்கும் ஏற்பாடு) கிட்டுக்கு ஆக்சில் குழாயின் மீது பிராக்கெட்டுகளை வெல்டிங் செய்ய வேண்டும். ஆக்சிலை மாற்றும் அன்று அந்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டிவரும். ஆகவே முதல் பணம் ஆக்சிலுக்குப் போகட்டும்.

இனி ஸ்பிரிங்குக்கு வருகிறேன். உன் வண்டியில் இருப்பது ஒற்றைப் பட்டை லீஃப் ஸ்பிரிங். 1962இல் செவி டூ வண்டிக்கு வந்த ஏற்பாடு அது. அதன் வழியிலேயே 1967 காமரோவுக்கும் வந்தது. அதே நிறுவனத்தின் செவெல் வண்டிக்கு 1964 முதலே காயில் (சுருள்) ஸ்பிரிங்கும் நான்கு கைகளும் இருந்தன என்பதை நினைத்தால், காமரோவுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று எனக்கு இன்றும் தோன்றும். நம் ஊர் லாரியில் பட்டை பட்டையாக அடுக்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரே பட்டையில் ஒரு கார் நிற்பதே வேடிக்கைதான். லீஃப் ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலைகள்: எடையைச் சுமப்பது ஒன்று, ஆக்சில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்து வைப்பது மற்றொன்று. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் சக்கரம் முன்னோக்கிச் சுழல, அதன் எதிர்வினையாக ஆக்சில் கூடு பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறது. இன்ஜினின் விசையை ஆக்சிலுக்குள் கொண்டுவரும் பற்சக்கரமான பினியனின் மூக்கு மேலே எழும்புகிறது. அந்த முறுக்கைத் தாங்கும் பட்டை பாம்புபோல் நெளிகிறது. ஓர் எல்லையில் டயர் பிடியை இழக்கிறது, பட்டை சட்டென்று பழைய நிலைக்குத் திரும்புகிறது, டயர் மீண்டும் கவ்வுகிறது, மறுபடி நெளிகிறது. சிக்னலில் கிளம்பும்போது பின்னால் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் தடதடக்கிறது என்று நீ எழுதியிருப்பது இதைத்தான்.

இந்தக் குறை நிறுவனத்துக்கும் தெரியாமல் இல்லை. 1967இல் வலுவான இன்ஜின் பொருத்திய வண்டிகளுக்கு வலப்பக்கம் ஒரு கம்பியைக் கூடுதலாக மாட்டினார்கள். 1968இல் குலுக்கலைத் தணிக்கும் ஷாக்குகளில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக மாற்றிவைத்து, வேக வண்டிகளுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள். உன்னுடையது சாதாரண வண்டியாகப் பிறந்ததால் ஒற்றைப் பட்டையோடு நின்றுவிட்டது.

ஃபோர் லிங்க் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுகிறது: எடையைக் காயில் ஓவர் (ஷாக்கைச் சுற்றி அமைந்த சுருள் ஸ்பிரிங்) சுமக்கிறது, ஆக்சிலின் இடத்தை நான்கு கைகள் காக்கின்றன. மேற்கைகள் சாய்வாக இருந்தால் பக்கவாட்டு அசைவையும் அவையே தடுத்துவிடும். நான்கும் இணையாக இருந்தால் குறுக்கே ஒரு பான்ஹார்டு கம்பி வேண்டும். அந்தக் கம்பியின் ஒரு முனை வண்டியிலும் மறுமுனை ஆக்சிலிலும் இருப்பதால், ஆக்சில் ஏறி இறங்கும்போது சிறு வில்லாகப் பக்கத்தில் நகரும்; கம்பி நீளமாகவும் மட்டமாகவும் இருந்தால் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. நன்றாக அமைந்த ஃபோர் லிங்க் வண்டி வளைவில் செல்லும் அழகை நான் மறுக்கவில்லை. டெட்ராய்ட் ஸ்பீட், ரைட்டெக் போன்றவர்களின் கிட் பூட்டிய வண்டிகளில் நண்பர்களோடு சென்று வந்த அனுபவமும் எனக்கு உண்டு.

ஆனால் என் கதையையும் நீ கேட்க வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன், விலை குறைவு என்பதற்காக ஒரு கிட்டை வாங்கி என் 1969 வண்டியில் பூட்டினேன். கைகளின் எட்டு முனைகளிலும் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆன புஷ் (மூட்டுக்குள் பொருந்தும் உறை). ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆக்சில் சாய வேண்டும். சாய வேண்டுமானால் கைகளின் முனைகள் சற்று முறுக்கிக்கொடுக்க வேண்டும். ரப்பர் கொடுக்கும், உருண்டை மூட்டு கொடுக்கும், பாலியூரித்தேன் கொடுக்காது. வீட்டு வாசல் சரிவில் குறுக்காக ஏறும் ஒவ்வொரு முறையும் அது பழைய கோயில் கதவுபோல் முனகும். பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். நாய் நின்றால் பரவாயில்லை, ஈரச் சாலை வளைவொன்றில் பின்பக்கம் முன்னறிவிப்பே இல்லாமல் வெளியே தூக்கியெறிந்தபோதுதான் பயந்துபோனேன். விற்றவர்களை அழைத்தால், கிரீஸ் போட்டுப் பாருங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்கள். இதற்காகப் பின் இருக்கைக்குக் கீழே தரைத் தகட்டை வெட்டியிருந்தேன். சைலன்சர் குழாயை வேறு வழியாக வளைத்திருந்தேன். கைகளைப் பிறகு மாற்றிவிட்டேன். வெட்டிய தகடு வெட்டியதுதான்.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவதற்கும், ஆண்டுக்கு ஓரிரு முறை நெடுஞ்சாலையில் தொலைதூரம் போவதற்கும்தான் இந்த வண்டி. பந்தயத் தடத்தைப் பற்றி ஒரு வரிகூட உன் கடிதத்தில் இல்லை. இதற்கு நான் சொல்வது பல பட்டை லீஃப் ஸ்பிரிங் கிட். ஹாட்ச்கிஸ் போன்றவர்கள் காமரோவுக்கென்றே செய்வதில், வண்டி தாழ வேண்டிய ஒன்றரை இரண்டு அங்குலமும் பட்டையின் வளைவிலேயே வந்துவிடும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்துத் தாழ்த்தும் மலிவு வழி ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதே. கட்டையின் உயரம் நெம்புகோலாகி, பட்டையின் நெளிவை இன்னும் கூட்டிவிடும். அந்தக் கிட்டோடு நல்ல ஷாக் இரண்டு வாங்கு. அப்போதும் தடதடப்பு மிஞ்சினால், பட்டையின் முன்பாதியைக் கீழ்நோக்கி அழுத்தும் கால்ட்ராக்ஸ் போன்ற கம்பிகளைப் பிறகு போல்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்தாலும் உன் பட்டியலில் உள்ள பெரிய கிட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மிச்சம் ஆக்சிலுக்கு ஆகும்.

அதற்கும் முன்னால், முன் சப்ஃபிரேமையும் (முன்பக்கத்தைத் தாங்கும் சட்டம்) பின் ரயில்களையும் (பின்பக்க அடியில் நீளவாக்கில் உள்ள உத்திரங்கள்) இணைக்கும் கனெக்டர்களைப் போட்டுவிடு. காமரோவில் முன்பக்கம்தான் தனிச் சட்டம். நடுவில் தகரத் தரையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஜாக்கியில் தூக்கியபோது கதவு இழுத்துப் பிடித்தது என்று எழுதியிருந்தாயே, அது இதனால்தான். அடித்தளமே வளையும் வண்டியில் எந்த விலையுயர்ந்த கிட்டும் தன் வேலையைக் காட்டாது.

பூட்டும்போது இரண்டே விஷயங்களில் கவனமாக இரு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தரையில் பட்டு வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுக்கு. அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அடுத்தது பினியன் கோணம். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் மூக்கு இரண்டு டிகிரி போலக் கீழ்நோக்கி இருந்தால்தான், விசை ஏறும்போது அது எழும்பி நேர்க்கோட்டுக்கு வரும். கண்ணளவில் இதைச் செய்யாதே. என் கோணமானியைத் தபாலில் அனுப்புகிறேன். திருப்பித் தர அவசரமில்லை.

நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. பின் டயரின் உட்பக்கத்துக்கும் பட்டைக்கும் நடுவேயும், வெளிப்பக்கத்துக்கும் ஃபெண்டரின் மடிந்த விளிம்புக்கும் நடுவேயும் எவ்வளவு இடைவெளி என்று, இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து எழுது. பழைய வண்டியில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பாதே. என்னுடையதில் கால் அங்குலம் வித்தியாசம். அந்த நான்கு எண்கள் வந்தபின் ஆக்சிலின் அகலத்தைச் சேர்ந்தே முடிவு செய்வோம். அதுவரை எந்தக் கிட்டுக்கும் முன்பணம் கட்டாதே. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்