இருமலையும் கைதட்டலையும் துடைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசை நிகழ்ச்சிப் பதிவுகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூட்டத்தில் நின்று எடுத்த பதிவுகளில் இருமலும் கைதட்டலும்தான் மிச்சம், கணினியை வைத்து அதையெல்லாம் துடைத்துவிடலாம், மிக்ஸரிலிருந்து (எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) நேரடியாக எடுத்தது கிடைத்துவிட்டால் மற்றதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். உதாரணத்துக்கு அவர் இழுத்தது அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவை. அதனால்தான் எழுதுகிறேன். கும்பகோணத்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவன் நான். இரவு கடையைச் சாத்திவிட்டு ஹெட்போன் மாட்டினால் நான் கேட்பது இவர்களைத்தான்.

உனக்கு எப்படி இந்தப் பித்து என்று கேட்காதவர் இல்லை. விக்கு விநாயக்ராம் அவர்களின் கடத்தைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். 1991இல் வெளிவந்த ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் அவரும் ஜாகிர் உசேனும் வாசித்திருக்கிறார்கள். உலக இசைக்கு என்று கிராமி விருது ஏற்படுத்தியபோது முதலில் வாங்கியது அந்தத் தொகுப்புதான். அதைச் செய்த மிக்கி ஹார்ட் யார் என்று தேடிப்போனால், கிரேட்ஃபுல் டெட்டின் இரண்டு டிரம்மர்களில் ஒருவர்; தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் கற்றவர். இவர்களுடைய பாட்டு ஒன்று பத்து எண்ணிக்கையில் ஓடும், ஒன்று பதினொன்றில், ஒன்று ஏழில். தொடையில் தாளம் போட்டுக் கேட்டே பழகியவனுக்கு வேறு என்ன வேண்டும்?

1965 முதல் 1995 வரை இரண்டாயிரத்து முந்நூறு கச்சேரி அளவுக்கு வாசித்த குழு இது. இன்று வாசித்தது போல் நாளை வாசிக்க மாட்டார்கள். ‘டார்க் ஸ்டார்’ என்று 1968இல் இசைத்தட்டாக வந்த பாட்டு மூன்று நிமிடம்கூட இல்லை. மறு வருடம் பிப்ரவரி 27 அன்று சான்பிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதையே 23 நிமிடம் விரித்தார்கள். எனவே இசைத்தட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களைப் பேச முடியாது; பதிவுகள்தான் கதி.

மிக்ஸரில் எடுத்தால் சுத்தம் என்பது தொழில் தெரியாதவர் பேச்சு. சின்ன மண்டபத்தில் கிடார்காரரின் ஆம்ப்ளிஃபயரே முழங்கும். ஆகவே மிக்ஸரில் கிடாரை ஏற்ற மாட்டோம், குரலைத்தான் ஏற்றுவோம். அந்த லைனிலிருந்து பதிவெடுத்தால் பாடகர் காதுக்குள் புகுந்து பாடுவார், கிடார் அடுத்த தெருவில் கேட்கும். மண்டபத்தில் இருந்த ஒருவர் காதுக்கும் அது அப்படிக் கேட்டிருக்காது.

கட்டுரையாளர் உச்சியில் வைத்த 1977 மே 8 கச்சேரியையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மாநிலம் இத்தாக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்தது. அந்தப் பதிவு இவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணம், பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் அரங்குக்குப் போன கலவையை அப்படியே எடுக்காமல், டேப்புக்கென்று தனியாகக் கலந்தார். அவருடைய டேப்புகள் வாடகைக் கிடங்கில் கிடந்து 1986இல் ஏலத்தில் போயின. பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தக் கச்சேரியைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையில் சரிபாதி அந்த அம்மாளுக்குச் சேரும். முதல் நாள் பாஸ்டனிலும் மறுநாள் பஃபலோவிலும் வாசித்ததும் கிடைக்கிறது; என் காதுக்குப் பஃபலோ ஒரு படி மேல்.

அந்த இத்தாக்கா இரவில் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ முடிந்து ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். நிறுத்தமே இல்லை. ஆதார சுருதி அதே ஏழு கட்டை. அதன் மேல் இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்) மாறி மாறி வரும், கைசிகி நிஷாதம் உட்கார்ந்துவிடும், ஹரிகாம்போதி ராக வாடை அடிக்கும். ஜெர்ரி கார்சியாவின் கிடார் பழைய பாட்டிலேயே உலாவிக்கொண்டிருக்கும்போது, பில் லெஷின் பேஸ் கிடார் அடுத்த பாட்டின் நடைக்குப் போய்விடுவது எனக்குக் கேட்கிறது. இந்த இரண்டாவது பாட்டின் வேரும் நமக்கு அந்நியமில்லை. 1976இல் ஜாகிர் உசேனும் மிக்கி ஹார்ட்டும் சேர்ந்திருந்த டீகா ரிதம் பேண்டில் ‘ஹாப்பினஸ் இஸ் டிரம்மிங்’ என்று வந்ததுதான் அது.

இனி, கூட்டத்தில் நின்று எடுத்த பதிவில் மட்டும் கிடைப்பது என்ன? இப்படி ஒரு பாட்டு இன்னொன்றாக மாறும்போது, அடுத்தது எது என்று சபை கண்டுபிடிக்கும் நொடி. முதலில் முன்பக்கம் ஒரு கூச்சல், உடனே அரங்கம் முழுக்க. அதைக் கேட்டு கிடார் மேலே ஏறும். கூச்சலைத் துடைத்துவிட்டால் கிடார் ஏன் ஏறியது என்று யாருக்கும் விளங்காது. விவரம் தெரிந்தவர்கள் மிக்ஸர் பதிவையும் கூட்டப் பதிவையும் ஒன்றாக்கி ‘மேட்ரிக்ஸ்’ என்று வைத்திருக்கிறார்கள். அதற்கும் இரண்டும் வேண்டுமே!

1974ஆம் வருடப் பதிவுகளில் குரல் மெலிந்து கேட்கிறது, பதிவு மோசம் என்றும் எழுதியிருக்கிறார். பதிவின் மேல் பழி இல்லை. அந்த வருடம் 75 டன் எடையுள்ள ஸ்பீக்கர் சுவரை மேடைக்குப் பின்னால் எழுப்பினார்கள். பேஸ் கிடாரின் ஒவ்வொரு தந்திக்கும் தனி ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் நின்றால் ஊளையிடும், இது கோயில் திருவிழாவில் மைக் பிடித்த எல்லோருக்கும் தெரியும். அவர்கள் ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை அருகருகே கட்டி, ஒன்றின் இணைப்பைத் தலைகீழாக மாற்றினார்கள். பாடகர் ஒன்றில் மட்டும் வாய் வைப்பார். சுவரிலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், குரல் மட்டும் தப்பிக்கும். கொஞ்சம் சதை குறைந்து தப்பிக்கும், அவ்வளவுதான். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். இந்தப் பதிவுகளைக் கட்டுரை ‘திருட்டுப் பதிவுகள்’ என்கிறது. 1984 அக்டோபர் முதல் பதிவெடுப்பவர்களுக்கென்று மிக்ஸருக்குப் பின்னால் தனி இடமும் தனி டிக்கெட்டும் கொடுத்தது அந்தக் குழுவேதான். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கலாம், காசுக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அடுத்த இணைப்பில் அந்த ஒரு வார்த்தையையாவது மாற்றி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மைக் செட்காரர் ஒருவர்,
கும்பகோணம்