வேலையை விடுவதற்கு முன் ஒரு வாரம் வந்துபோ

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து மூன்று வாரமாகியும் குடியாத்தத்தில் வெயில் இறங்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலையில் தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் கை தானாகக் கடிகாரத்தைத் தேடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "வேலையை விட்டுவிட்டு டீச்சராகப் போகிறேன்" என்றாய். நான் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பாய். 33 வருஷம் சாக்பீஸ் பிடித்தவளுக்கு இதற்குப் பதில் சொல்ல நாலு நாள் தேவைப்பட்டது. போனில் பேசினால் நடுவில் உனக்கு மீட்டிங் வரும், எனக்கு இருமல் வரும். அதனால்தான் கடிதம். அப்பாவிடம் சொன்னதும் அவர் 1954-இல் காமராசர் முதலமைச்சரான கையோடு நம் குடியாத்தத்தில் நின்று ஜெயித்த கதையைத் தொடங்கிவிட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. சந்தோஷமாக இருந்தால் அவர் அந்தக் கதைக்குத்தான் போவார்.

நியூ ஜெர்சியில் இருக்கும் உன் தோழியைப் பற்றிச் சொன்னாயே, அவள் வங்கி வேலையை விட்டு நேராக வகுப்புக்குப் போய்விட்டாள் என்று. விசாரித்தேன், உண்மைதான். அந்த மாநிலத்தில் 1980-களின் நடுவிலேயே இந்த மாற்று வழியைத் தொடங்கிவிட்டார்கள். பட்டம் இருக்க வேண்டும், பாடத்தில் தேர்வு எழுதித் தேற வேண்டும், அப்போது ஒரு தகுதிச் சான்று தருவார்கள். அதை வைத்துக்கொண்டு பள்ளியில் வேலை தேடிச் சேர்ந்துவிட்டால், சம்பளம் வாங்கிக்கொண்டே பயிற்சியும் நடக்கும். கூடவே ஒரு அனுபவசாலி ஆசிரியர் வழிகாட்டியாக இருப்பார். அதெல்லாம் முடிந்த பிறகு நிரந்தரச் சான்றிதழ். நல்ல ஏற்பாடுதான்.

நம் ஊரில் அப்படி இல்லை, கண்ணு. இங்கே பயிற்சி முதலில், வகுப்பு பிறகு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கணக்கு நடத்த வேண்டுமென்றால் உனக்கு பி.எட். வேண்டும், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும், அதற்கு மேல் நியமனத் தேர்வும் உண்டு. என் காலத்தில் பி.எட். ஒரு வருஷம். 2015-இலிருந்து இரண்டு வருஷம். நீ பி.இ. என்பதால் கதவு மூடவில்லை. அறிவியலும் கணிதமும் சிறப்பாகப் படித்த பொறியியல் பட்டதாரிகள் 55 சதவீதம் வாங்கியிருந்தால் சேரலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி சொல்கிறது. பி.இ.யோடு பி.எட். முடித்தவர்கள் டெட் எழுதி 6 முதல் 8 வரை கணித ஆசிரியர் ஆகலாம் என்று 2019 கடைசியில் இங்கே அரசாணையும் வந்தது. 11, 12-ஆம் வகுப்புக்குப் போக ஆசை இருந்தால் அதே பாடத்தில் முதுகலையும் வேண்டும். இப்போது அதைப் பற்றி யோசிக்காதே.

ஒன்று மட்டும் கொஞ்சம் வருத்தம். பி.எட். படித்தாலும் நான் உட்கார்ந்த நாற்காலியில் நீ உட்கார முடியாது. ஒன்று முதல் ஐந்து வரை நடத்த பி.எட். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதற்கு நான் படித்த மாதிரியான தொடக்கக் கல்விப் பட்டயம்தான். சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சேர்த்துப் படிக்கச் சொல்லித்தருவது தனி வித்தை. அதை இயற்பியல் பட்டதாரி கூடுதல் தகுதியோடு செய்துவிடுவார் என்று நினைப்பவர்கள் ஒன்றாம் வகுப்பில் ஒரு மத்தியானம் இருந்து பார்க்கட்டும்.

டெட் பற்றி பயப்படாதே, ஆனால் அலட்சியமும் வேண்டாம். 2012 ஜூலையில் முதல்முறை நடந்தபோது ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள். எங்கள் பள்ளியில் அன்று டீ குடிக்கும்போதுகூட யாரும் பேசவில்லை. உனக்கு இரண்டாம் தாள். 150 கேள்வி, 150 மதிப்பெண். அதில் கணக்கும் அறிவியலும் 60. மிச்சம் குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், ஒவ்வொன்றும் 30. நீ கணக்கில் விடமாட்டாய், தமிழில்தான் விடுவாய். பத்தாம் வகுப்போடு இலக்கணத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டவள்தானே நீ. இப்போது வேலையில் இருக்கிறவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் பாக்கி இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பு. என்னோடு வேலை பார்த்தவர்கள், பேரன் எடுக்கிற வயதில் கைடு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வயதைப் பற்றிக் கேட்டாய். 36 ஒரு வயதா? அரசு ஆசிரியர் பணிக்கான உச்ச வரம்பை 2023-இல் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்திவிட்டார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீ போனில், "வேலையில் இருந்துகொண்டே முடிக்கிற மாதிரி பி.எட். இருக்கிறதாம்" என்றாயே, அதைக் கேட்டுத்தான் எனக்கு வாயடைத்துப் போனது. தபால் வழி பி.எட். இருப்பது உண்மை. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பயிற்சி முடித்தவர்களுக்கு. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவர்களுக்கு இல்லை. உனக்குச் சொன்னவர்கள் சொல்வது அந்த வழி இல்லை என்று எனக்குத் தெரியும். "கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வருகைப்பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிற வழி. நம் சொந்தத்திலேயே ஒரு பெண் அப்படிப் படித்தாள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். இரண்டு தவணையாகப் பணம் கட்டினார்கள், சான்றிதழ் வந்தது, தனியார் பள்ளி ஒன்றில் வேலையும் கிடைத்தது. மூன்றாவது வாரம் என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதாள். "அத்தை, பையன்கள் நான் பேசுவதையே கேட்கவில்லை, எங்கே நிற்பது என்றுகூடத் தெரியவில்லை." எங்கே நிற்பது என்று அவளுக்கு யார் சொல்லித்தந்திருப்பார்கள்?

விதிப்படி பார்த்தால் இரண்டு வருஷத்தில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். இரண்டாம் வருஷத்தில் மட்டும் தொடர்ச்சியாக 16 வாரம். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை. அந்தப் பதினாறு வாரத்துக்காகத்தான் மீதி எல்லாம் என்று நான் சொல்வேன்.

என் பயிற்சிக் காலத்தில் நடந்ததை உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு. பாடம் பன்னிரண்டாம் வாய்ப்பாடு. முந்தின நாள் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து சார்ட் எழுதினேன். சிவப்பு மை, பச்சை மை, ஓரத்தில் பூ வேலை. பாடக்குறிப்பு நோட்டில் நோக்கம், துணைக்கருவி, ஊக்குவித்தல் எல்லாம் கட்டம் போட்டு எழுதியாயிற்று. "ஒரு பெட்டியில் 12 பென்சில், 12 பெட்டியில் எத்தனை?" என்று கேட்டேன். ஒரு வாய் திறக்கவில்லை. திரும்பக் கேட்டேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பையன், விரல் நகத்திலெல்லாம் காய்ந்த பசை, அதை உரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியர் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: "டேய், ஒரு குரோஸ் எத்தனை டஜன்?"

"பன்னெண்டு சார்."

"மொத்தம் எத்தனை பெட்டி?"

"நூத்தி நாப்பத்தி நாலு சார்!" அந்தப் பையன் மட்டும் இல்லை, பாதி வகுப்பு.

வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுகிற ஊர். சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து ஒட்டி, குரோஸ் கணக்கில் எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்குகிற பிள்ளைகள். அவர்களுக்கு நான் பென்சிலைக் காட்டிக்கொண்டிருந்தேன். 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்பதைப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள்தான் நானும். வகுப்பு முடிந்ததும் அவர் என் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "சார்ட் அழகா இருக்கும்மா. நாளைக்குத் தீப்பெட்டி கொண்டு வா" என்றார். அவ்வளவுதான். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

நீ சனிக்கிழமைகளில் அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாய், நன்றாகத் தருகிறாய் என்றும் தெரியும். ஆனால் அது ஆறு பிள்ளைகள், தாங்களாக வருகிறவர்கள், நோட்டும் பேனாவும் குறைவில்லாதவர்கள். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் பத்துப் பேருக்கு நேற்றுப் பாடம் புரியவில்லை, ஐந்து பேர் நேற்று வரவே இல்லை, ஒருத்தி காலையில் சாப்பிடவில்லை. மணி அடித்துவிடும்.

ஒரு வருஷ பி.எட். வரப்போகிறதாமே என்றும் கேட்டாய். நாலு வருஷப் பட்டம் படித்தவர்களுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை நம்பி ராஜினாமா கொடுக்காதே. கையில் இருக்கிற விதியை வைத்துக் கணக்குப் போடு.

பி.எட். வேண்டவே வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது, நீயாக யோசிக்காதது. பாலிடெக்னிக். விரிவுரையாளராக பி.இ. முதல் வகுப்பு போதும், உனக்கு இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு விடும்போது தேர்வு எழுத வேண்டும். நம் வேலூர் தொரப்பாடியிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளைகள், பாதிப் பேர் வீட்டில் முதல் தலைமுறை. பத்து வருஷமாக நீ செய்கிற வேலையைப் பற்றியே அவர்களுக்குப் பாடம் சொல்லலாம். எனக்கு என்னவோ நீ அதில் இன்னும் பிரகாசிப்பாய் என்று தோன்றுகிறது. நான் பள்ளிக்கூடத்துக்காரி, இதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை.

பணத்தைப் பற்றி மாப்பிள்ளையிடம் உட்கார்ந்து பேசு. இரண்டு வருஷம் வருமானம் இல்லை. அப்புறம் தனியார் பள்ளிதான் என்றால் இப்போது வாங்குவதில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம். வீட்டுக் கடன் எத்தனை வருஷம் பாக்கி என்று முதலில் பார். வேலூரிலேயே அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது, இடம் கிடைத்தால் கட்டணம் பெரிய பாரமில்லை. குட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாம் வகுப்புதானே, இங்கே நம் தெருப் பள்ளியிலேயே சேர்க்கலாம். அவனும் தமிழ் எழுதப் படித்துக்கொள்வான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு வாரம் லீவு போட்டு வா. என்னிடம் ஜூனியராக இருந்தவள்தான் இப்போது பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியை. நேற்று சாயங்காலம் பேசிவிட்டேன். நீ பாடம் நடத்தக் கூடாது, பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். காலை வணக்கக் கூட்டத்திலிருந்து சாயங்காலக் கடைசி மணி வரை, ஐந்து நாள். மத்தியானம் ஐந்தாவது பீரியடில் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் நேரத்தில் எட்டாம் வகுப்பு எப்படி இருக்கும் என்று நீ பார்க்க வேண்டும். அப்போதும் உனக்கு அதே ஆசை இருந்தால் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

பெங்களூரிலிருந்து பிருந்தாவன் ரயிலில் வந்தால் வீடு வந்து சேர இருட்டிவிடும். காலையில் லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. சந்தையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வர ஆரம்பித்திருக்கிறது, நீ வருகிற அன்றைக்குப் புளிக்குழம்பு வைக்கிறேன். பருத்திப் புடவை இரண்டு எடுத்து வா, வகுப்பில் ஃபேன் ஒன்றுதான் ஓடுகிறதாம். பீரோவில் இருக்கிற அந்த நோட்டை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். கரையான் ஓரத்தைத்தான் தின்றிருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா